பஸ் போகிற பாதை

மலைப் பாதையா, சுற்றுப் பாதையா என்று கணவர் கேட்டபோதே மலைதான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அந்த மனுஷர் ஒரு கேள்வி கேட்டாரென்றால் பதிலை ஏற்கெனவே முடிவு செய்துவிட்டார் என்று அர்த்தம். வீட்டை விற்கலாமா என்று கேட்டதும் இப்படித்தான். வாங்குகிற ஆளை வாசலில் நிறுத்திவைத்துவிட்டு உள்ளே வந்து கேட்டார்.

ஆயுசு முழுக்க நகரப் பேருந்து ஓட்டியவர். ஓய்வு பெற்றதும் வீட்டை விற்றுவிட்டு, கட்டில், அடுப்பு, கக்கூஸ் எல்லாம் உள்ளேயே இருக்கிற பெரிய வண்டி ஒன்றை வாங்கினார். அதற்கு 'அரண்மனை' என்று பேரும் வைத்தார். நல்ல அரண்மனை! ஒருவர் நடக்க வேண்டுமென்றால் இன்னொருவர் கட்டிலில் ஏறி உட்கார வேண்டும். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் நின்ற கால் நின்றபடி துணி தேய்த்தே ஓய்ந்துபோனவள் அவள். ஜன்னலைத் திறந்தால் தினமும் ஒரே மரம் தெரிய வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை. நாலு வருஷமாக ஜன்னலுக்கு வெளியே எல்லாம் மாறியது, உள்ளே எதுவும் மாறவில்லை.

வண்டிகள் தங்கும் மைதானங்களில் அவளுக்குக் கண்டக்டரம்மா என்று பேர். அவர் பின்னால் எடுக்கும்போது வண்டிக்குப் பின்புறம் நின்று, "வரலாம்... வரலாம்... நில்லுங்க!" என்று கத்துவாள். "இவ இல்லாட்டி இந்த வண்டி ஒரு அடி நகராது" என்று அவர் எல்லாரிடமும் பெருமையடித்துக்கொள்வார். கேட்டவர்கள் என்ன அன்யோன்யம் என்று சிரிப்பார்கள். அவளுக்கோ சிரிப்பு வராது. தனியாக எங்கேயும் கிளம்ப முடியாதபடி அவளை அந்த வண்டியின் ஒரு பாகமாக்கிவிட்டார்.

மகள் மலைக்கு அந்தப் பக்கம் இருந்தாள். முதல் பிரசவத்தின்போது இவர்கள் ஏதோ ஒரு கடற்கரையில் டயருக்காகக் காத்துக் கிடந்தார்கள். அவள் போய்ச் சேர்ந்தபோது பேத்திக்குத் தலை நின்றுவிட்டது. இப்போது இரண்டாவது. "வண்டி வந்தாலும் சரி, வராட்டியும் சரி, நீ வந்துரும்மா" என்று மகள் போனில் அழுதாள். இந்த முறையும் போகாவிட்டால் தன்னைத் தானே மன்னிக்க முடியாது என்று அவளுக்குத் தோன்றியது.

மலையடிவாரத்துப் பெட்ரோல் பங்கில் வைத்துப் பாதை முடிவானது.

"சுத்துப் பாதையிலயே போயிரலாங்க. மெதுவா போனாலும் போய்ச் சேந்துருவோம்."

"ரெண்டு நாள் வீணாகும். பிள்ளையைப் பார்க்கணும்னு நீதானே பறக்கிறே?"

"போர்டுல பெரிய வண்டி போகக் கூடாதுன்னு போட்டிருக்கே?"

"அது லாரிக்காரனுக்குப் போட்டது" என்றவர், பங்க் ஆளைப் பார்த்து, "ஏம்ப்பா, மேல பஸ் போகுதா?" என்று கேட்டார்.

"தினமும் போகுது சார்."

"கேட்டியா? பஸ் போற ரோட்டுல நான் போக மாட்டேனா?"

பஸ் என்றால் அவருக்கு அவர் ஓட்டிய பஸ்தான். எவ்வளவு நீள பஸ் என்று கேட்கவே அவருக்குத் தோன்றவில்லை. ஊரில் வேறு யாராக இருந்தாலும் கேட்டிருப்பார்கள்.

ஏழெட்டு வளைவு தாண்டும்வரை அவர் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே ஓட்டினார். அப்புறம் பாட்டு நின்றது. அடுத்த வளைவில் வண்டி ஒரே வெட்டில் திரும்பவில்லை, பின்னால் எடுக்க அவளை இறக்கிவிட்டார். அவளும் பின்னால் நின்று, "நில்லுங்க! நில்லுங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினாள். வண்டி நிற்பதற்குள் மூக்கு மலைச்சுவரில் முட்டி, வால் தடுப்புச் சுவரின்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. முன்னாலும் போகாது, பின்னாலும் வராது. வண்டிக்கு இருந்தது ஒரே கதவு, அது பாறையோடு ஒட்டிக்கொண்டது. ஓட்டுநர் பக்கத்துக் கண்ணாடி கை நுழையும் அளவுக்குத்தான் திறக்கும்.

மேலிருந்து ஒரு பஸ் இறங்கி வந்து நின்றது. கீழிருந்தும் ஒன்று வந்தது. இரண்டும் அரண்மனையில் பாதி நீளம்கூட இல்லாத குட்டி பஸ்கள். அவற்றைப் பார்த்ததும் அவர் முகம் செத்துவிட்டது. கிரேன் காலையில்தான் வரும், அதுவரை ரோட்டு வேலைக்காரர்கள் காவல் இருப்பார்கள் என்று சொல்லிவிட்டுப் பஸ் டிரைவர்கள் சக்கரங்களுக்குக் கல் வைத்தார்கள். அந்த மலையில் வழி அடைபட்டால் ஒரு ஏற்பாடு உண்டு. இந்தப் பஸ் ஆட்கள் அந்தப் பஸ்ஸிலும், அந்தப் பஸ் ஆட்கள் இந்தப் பஸ்ஸிலும் மாறி ஏறிக்கொள்வார்கள், பஸ்கள் வந்த வழியே திரும்பிவிடும். மூட்டை முடிச்சோடு சனங்கள் வண்டியை ஒட்டி ஒருக்களித்து நடந்தார்கள்.

அப்போதுதான் மருமகன் போன் செய்தார். "அத்தை, வலி வந்துருச்சு. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிட்டோம். எங்க இருக்கீங்க?"

அவள் வண்டியைப் பார்த்தாள், மேலே நின்ற பஸ்ஸைப் பார்த்தாள். வண்டிக்கு வெளியே நிற்கிறோம் என்பது அப்போதுதான் மனசில் உறைத்தது. அந்த நேரத்திலும் அவளுக்குச் சந்தோஷம் பொங்கியது, கூடவே வெட்கமாகவும் இருந்தது. நேரே அவர் ஜன்னலுக்குப் போனாள்.

"நான் அந்தப் பஸ்ல போறேங்க. அவளுக்கு வலி வந்துருச்சு."

"கிரேன் வந்து இழுக்கும்போது பின்னாடி யாரு பாக்கிறது?"

"அவங்க பாத்துக்குவாங்க. அவங்களுக்குத் தெரியாத மலையா?"

அவர் இடுக்கு வழியே கையை நீட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "போகாதே. உள்ளே என்னவோ பண்ணுது. கதவைத் திறக்க முடியலைன்னு நெனச்சாலே மூச்சு முட்டுது."

அதைக் கேட்டு அவளுக்கு நெஞ்சு இளகியது. இன்னும் கொஞ்ச நேரம் நின்றிருந்தால் தங்கியே போயிருப்பாள்.

"எனக்கு நாலு வருஷமா முட்டுதுங்க" என்றாள்.

அவர் பிடி தானாகத் தளர்ந்தது. "போனதும் போன் பண்ணு" என்று மட்டும் சொன்னார்.

ஒரு பையைக்கூட எடுக்க வழியில்லாமல், கட்டின துணியோடு பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தாள். பஸ் திரும்பியதும், பக்கத்தில் கூடையோடு இருந்த பெண் கீழே எட்டிப் பார்த்துவிட்டு, "உள்ள இருக்கிறவரு உங்களுக்கு வேண்டியவரா? பாவம், இப்படி மாட்டிக்கிட்டாரே!" என்று உச்சுக்கொட்டினாள்.

"அவருக்கென்ன," என்றாள் இவள், "காலையில கிரேன் வந்துரும்."