ஒரே ஹாலில் இரண்டு படிப்பு

இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு என் மேலேயே ஆத்திரம் வருகிறது. தஞ்சாவூரில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் சயின்ஸ் கற்பிக்கிறேன். அட்மிஷன் நாட்களில் எங்களையே கவுன்ட்டரில் உட்கார வைத்துவிடுவார்கள். பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் கேட்டு வருகிறவர்களை, புதிதாக ஆரம்பித்த, கட்டணம் கூடுதலான செயற்கை நுண்ணறிவுப் படிப்புக்குத் திருப்பிவிட வேண்டும் என்பது மேலிடத்து உத்தரவு.

கீழ்வேளூரில் விதைக்கடை வைத்திருக்கும் ஒரு அம்மா மகளோடு வந்தார். புதுப் படிப்பின் பெருமையை அளந்துகொண்டிருந்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ரெண்டுக்கும் பாடம் யாரு சார் எடுக்கறது?" என்றார்.

"நான்தாங்க."

"தனித்தனி கிளாஸா?"

அந்தக் கேள்விக்குப் பொய் சொல்ல வாய் வரவில்லை. "ஒரே ஹால்லதாங்க. பாடமும் முக்கால்வாசி ஒண்ணுதான்."

"ஒரே விதைநெல்லை ரெண்டு பையில வேற வேற பேர் போட்டு நான் வித்தா, லைசென்ஸைப் புடுங்கிடுவாங்க சார். உங்களை யாரும் கேக்க மாட்டாங்களா?"

மகளைக் கம்ப்யூட்டர் சயின்ஸிலேயே சேர்த்துவிட்டுக் கிளம்பினார்.

அடுத்து மகனோடு வந்த ஒரு தகப்பனார் விவரம் கேட்கத் தெரியாதவர். "எது சார் நல்லது? நீங்களே சொல்லுங்க" என்றார்.

செயற்கை நுண்ணறிவு என்று சொன்னேன். அந்த அம்மா இன்னும் வாசலைக்கூடத் தாண்டியிருக்கவில்லை.