முகப்பில் பதினாறு தலைகள்

ஹெப்சிபாவுக்கு நாற்பத்து மூன்று வயது. காத்திவாக்கத்திலிருந்து தினமும் பஸ்ஸில் நின்றுகொண்டே ராயபுரம் வருகிறாள். அங்கே அத்தாவுல்லா பாயின் கடையில் படகு இன்ஜின் சாமான் விற்கிறார்கள். பில் போடுவது, போன் எடுப்பது, கடை வெப்சைட்டைக் கவனிப்பது எல்லாம் இவள் தலையில். கணவருக்கு மூட்டை தூக்கித் தூக்கி முதுகு போய்விட்டது, வீட்டோடு இருக்கிறார். இந்த வயதில் இன்னொரு வேலை தேட அவளுக்குத் தெம்பில்லை.

அந்த வெப்சைட்டைப் பார்த்தால் கல்யாண பேனர் என்றுதான் நினைப்பீர்கள். எங்கள் பக்கத்தில் காதுகுத்தோ கடைத் திறப்போ, பேனரில் மாமன் மச்சான் தலைகளை வரிசையாக அடுக்காவிட்டால் பரம்பரைப் பகை. பாய் அதே நியாயத்தை வெப்சைட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். முகப்பில் அவரைச் சேர்த்துப் பதினாறு பேர், எல்லாம் ஸ்டூடியோவில் எடுத்த பெரிய பெரிய படங்கள். அத்தனை பேரும் வந்து சேர்ந்த பிறகுதான் போன் நம்பர் வரும். இன்ஜின் நின்றுபோய் எண்ணூர் கரையில் சிக்னல் தேடுகிறவன் அதுவரை பொறுப்பானா? அடுத்த கடைக்குப் போய்விடுவான். திறக்கவே திணறுகிற பக்கத்தை, வந்தவர்கள் சலித்துத் திரும்புகிற பக்கத்தை, கூகுள் மட்டும் ஏன் தூக்கிப் பிடிக்கும்? பாய் கடை நான்காம் பக்கத்தில் கிடந்தது.

"ரெண்டு மாசம் டைம்மா. மொத பக்கத்துல கடை வர்லன்னா நான் வேற ஆள பாத்துக்குவேன்," என்றார் பாய்.

ஹெப்சிபாவுக்கு ஆத்திரமாக வந்தது. படங்களைப் போடச் சொன்னதே அவர்தான். வாதாடிச் சலித்துப்போனவள், யாரையும் கேட்காமல் பதினாறு பேரையும் எடுத்தாள். மேலே போன் நம்பர், கீழே சாமான் பெயர், விலை. அவ்வளவுதான். ஆறாவது வாரம் கடை முதல் பக்கத்துக்கு வந்தது. பழவேற்காட்டிலிருந்தெல்லாம் போன் வந்தது.

ஏழாவது வாரம் பாயின் மச்சான் முபாஷிர் வந்தார்.

"இன்னாம்மா, என் போட்டோவ தூக்கிட்டியாமே? நான் இன்னா செத்தா பூட்டேன்?"

பாய் அப்போதுதான் தன் போனில் கடைப் பக்கத்தைத் திறந்து பார்த்தார். "மச்சான் மூஞ்ச எடுக்கச் சொல்லி உனக்கு யாரும்மா சொன்னது? இப்பவே போடு, இல்லாங்காட்டி கெளம்பு!"

வேலை போய்விட்டது என்றே நினைத்தாள். ஆனால் பழைய பக்கத்தின் நகலை நெட்டிலேயே தனியாக வைத்திருந்தாள். முபாஷிரின் போனை வாங்கி, அதில் அந்த நகலைத் திறந்து நீட்டினாள்.

"இதுல கீறீங்க பாய். வரும், பாத்துகினே இருங்க."

முபாஷிர் பார்த்தார். திரையில் முதலில் அத்தாவுல்லா வந்தார். அவர் மாமனார் பாதி வந்தார், நெற்றி மட்டும். அப்புறம் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

"பேஜாரு போனுப்பா இது," என்று சட்டைப்பையில் போட்டுக்கொண்டு டீ குடிக்கத் திரும்பினார்.

"உங்க மூஞ்ச பாக்க நீங்களே நிக்கல பாய்," என்றாள் ஹெப்சிபா.

அத்தாவுல்லா பாய் சிரித்தே விட்டார். முபாஷிர் சிரிக்கவில்லை, கிளம்பிப் போனார். பாய் கொஞ்ச நேரம் தாடியைச் சொறிந்தார்.

"சரி, இப்ப கீற மாரியே இருக்கட்டும். நீயும் இரு. ஆனா மீதி பதினாலு பேராண்டயும் நீயே நேர்ல போயி சொல்லிட்டு வந்துடு. நான் சொன்னா சொந்தம் அறுந்துடும்மா."

பதினாலு பேரும் வண்ணாரப்பேட்டையிலும் தண்டையார்பேட்டையிலும் சிதறிக் கிடக்கிறார்கள். கடையை மேலே ஏற்றியதும் அவள்தான், பதினாலு வீட்டு வாசலில் திட்டு வாங்கப்போவதும் அவள்தான். வேலை மிஞ்சியதற்குச் சந்தோஷப்படக்கூட முடியவில்லை.

"இன்னிக்கே போறியா?" என்றார் பாய்.

"போறேன் பாய். காலைலேர்ந்து ஒண்ணும் துன்னல. துன்னுட்டு போறேன்."