முட்டு வீட்டிலிருந்து வந்த தலைவர்

பத்தடிக்குப் பத்தடி. ஒரே ஒரு கதவு. ஜன்னல் கிடையாது, கழிப்பறை கிடையாது. பாப்பாரப்பட்டியிலிருந்து மினி பஸ்ஸில் அரை மணி நேரம் போனால் வரும் மாவடிஅள்ளியில், ஊருக்கு வெளியே ஓடைக்கரையில் நின்ற அந்தக் கட்டடத்துக்கு முட்டு வூடு என்று பெயர். மாதவிலக்கான பெண்கள் ஐந்து நாளும் அங்கேதான் இருக்க வேண்டும். சோற்றை வாசற்படியில் வைப்பார்கள். வைத்தவர் விலகிப் போன பிறகுதான் உள்ளே இருப்பவள் எடுக்கலாம்.

சுகுணா அந்த ஊருக்கு மருமகளாக வந்தபோது வயது இருபது. பத்தொன்பது வருடம் கழித்து ஒருநாள் விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். பிள்ளை சுமந்த மாதங்களைக் கழித்தாலும், தன் ஆயுளில் ஏறக்குறைய மூன்று வருடம் அந்த அறைக்குள் போயிருந்தது. குற்றம் செய்தவனுக்குக்கூட என்ன குற்றம் என்று படித்துக் காட்டிவிட்டுத்தான் சிறையில் போடுகிறார்கள். அவளுக்கு யாரும் எதையும் படித்துக் காட்டவில்லை.

2019 டிசம்பர் தேர்தலில் ஊராட்சித் தலைவர் பதவி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. மரவள்ளி போட்டுப் பிழைக்கும் அவள் கணவன் அர்ச்சுனன்தான் அவள் பெயரைக் கொடுத்தான். கையெழுத்து அவளுடையது, நாற்காலி தன்னுடையது என்பது அவன் நினைப்பு. அவள் ஜெயித்தாள். மூன்றாம் மாதம் தெருவிளக்கு தீர்மானத்துக்கு அவசரமாகக் கையெழுத்து தேவைப்பட்டபோது தலைவர் முட்டு வீட்டில் இருந்தாள். தீர்மானப் புத்தகத்தை ஒரு குச்சியால் கதவு இடுக்கில் தள்ளினார்கள். அவள் கையெழுத்துப் போட்டு வெளியே தள்ளியதும், தீட்டுக் கழியத் துணைத்தலைவர் ராஜாமணி அந்தப் பக்கத்தில் மஞ்சள் தண்ணீர் தெளித்தார். மை கரைந்து ஓடியது. மறுவாரம் ஒன்றிய அலுவலகத்தில் ஒரு அதிகாரி, இது என்ன கையெழுத்தா, கறையா என்று கேட்டார். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். சுகுணா தலை குனிந்து நின்றாள். பாவி மகள், அன்றைக்கு அழக்கூட இல்லை.

ஆனால் அன்றிலிருந்து அர்ச்சுனன் அந்த நாற்காலியில் உட்காரவில்லை. அவள் உட்கார விடவில்லை.

ராஜாமணி கெட்டவர் இல்லை. குடிக்க மாட்டார், ஊர்ப் பொதுக் காசில் கை வைக்க மாட்டார். கோயில் திருவிழாவைத் தோளில் சுமப்பவர். முட்டு வீட்டை மூடினால் மழை நின்றுவிடும், மாடு செத்துவிடும் என்று மனதார நம்பியவர். 2023 ஜூலை மழையில் முட்டு வீட்டின் கூரை ஒரு பக்கம் இடிந்து விழுந்தது. ஊராட்சி நிதியில் புதிதாகக் கட்ட வேண்டும் என்று அவர் ஒரு தீர்மானம் எழுதிக் கொண்டுவந்தார். அதில் முட்டு வூடு என்ற பெயர் இல்லை. மகளிர் ஓய்வறை என்று இருந்தது.

சுகுணா வேறொரு தீர்மானம் எழுதினாள். இடிந்ததை முழுவதுமாக இடித்துவிட்டு, அங்கே பெண்களுக்குக் குளியலறையும் கழிப்பறையும், பக்கத்தில் பொம்பளைப் பிள்ளைகள் படிக்க ஒரு அறையும் கட்ட வேண்டும். இனி எந்தப் பெண்ணையும் வீட்டை விட்டு வெளியே அனுப்பக் கூடாது.

இரண்டையும் ஆகஸ்ட் பதினைந்து கிராம சபையில் வைத்துவிடலாம் என்று ராஜாமணியே முந்திக்கொண்டு சொன்னார். அவ்வளவு தாராளம் எதற்கு என்று சுகுணாவுக்கு அப்போது புரியவில்லை. ஆகஸ்ட் பதினான்காம் தேதி மத்தியானம், அவளுக்கு மாதவிலக்கானபோது புரிந்தது. எந்தப் பெண்ணுக்கு எந்தத் தேதி என்பது அந்த ஊரில் மூடி மறைத்த விஷயமா? யார் எப்போது ஓடைக்கரைக்கு நடக்கிறாள் என்று மாதாமாதம் எல்லோரும் பார்க்கிறார்கள். தலைவர் வராவிட்டால் சபையைத் துணைத்தலைவர் நடத்தலாம். சட்டத்தில் இடம் இருக்கிறது.

பத்தொன்பது வருடப் பழக்கம் லேசில் விடுமா? அன்று மாலை அவள் பாயைச் சுருட்டிக்கொண்டு அங்கேதான் போனாள். உள்ளே ஏற்கெனவே சின்னம்மாளும் ராணியம்மாளும், இடியாத மூலையில் ஒடுங்கி இருந்தார்கள்.

விடிந்தது. பள்ளிக்கூடத்துப் பக்கமிருந்து பிள்ளைகள் பாடுவது கேட்டது. தலைவர் ஏற்ற வேண்டிய கொடியை ராஜாமணி ஏற்றினார். கொஞ்ச நேரத்தில் சுகுணாவின் மகள் பூமிகா, ஏழாவது படிக்கிறவள், யூனிஃபார்மில் ஓடிவந்தாள். பத்தடி தள்ளி நின்றாள். அம்மாவுக்கென்று வைத்திருந்த மிட்டாயை அங்கிருந்தே வீசினாள். அது குறி தப்பிச் சேற்றில் விழுந்தது.

"தொடக் கூடாதில்லம்மா, அதான்" என்றாள் குழந்தை, ஏதோ தப்பு செய்துவிட்டதைப் போல.

பெற்ற மகள். பத்து மாதம் சுமந்த வயிறு, பால் கொடுத்த மார்பு. அந்தத் தாயைக் குழந்தை பத்தடி தள்ளி நின்று பார்த்தது. அடுத்த வருடமோ அதற்கு அடுத்த வருடமோ அந்தக் குழந்தை இந்தப் படிக்கு உள்ளே இருக்கும், சுகுணா வெளியே நின்று சோறு வைத்துவிட்டு விலகிப் போக வேண்டும். சுகுணா படியில் குனிந்து கை நீட்டினாள். சேற்றிலிருந்து அந்த மிட்டாயை எடுத்தாள். பிரித்து வாயில் போட்டுக்கொண்டாள். பிறகு படியிறங்கி வந்து மகளின் கையைப் பிடித்தாள். குழந்தை கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தது. அவள் விடவில்லை.

அப்படியே நடந்தாள். ஊருக்குள், பெரிய தெரு வழியாக, கோயிலைத் தாண்டி.

ஊராட்சி அலுவலகத்துக்கு முன்னால் பந்தல் போட்டிருந்தார்கள். நூறு நாள் வேலைக்குப் போகிற பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம். ராஜாமணி நாற்காலியில் கை வைத்திருந்தார். அவளைப் பார்த்ததும் அந்தக் கை தானாக நகர்ந்தது.

"நீ இங்க வரலாமா சுகுணா?" என்றார்.

"தலைவர் வராம கிராம சபை எப்படிங்க மாமா நடக்கும்?" அவள் உட்கார்ந்தாள். "உக்காருங்க. ரெண்டு தீர்மானத்தையும் படிச்சிரலாம்."

அவர் உட்காரவில்லை. தீட்டுப் பட்ட சபையில் தன் கால் நிற்காது என்று சொல்லிவிட்டுப் பந்தலை விட்டு இறங்கினார். பின்னாலேயே ஆண்கள் எழுந்தார்கள். அர்ச்சுனன் அவள் முகத்தையும் அண்ணன் தம்பிகளின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு அவனும் எழுந்து போனான். பெண்களில் சிலரும் புருஷன் கூப்பிட்ட பக்கம் போனார்கள்.

ஊராட்சிச் செயலர் தலைகளை எண்ணினார். சபைக்கு நூறு பேர் வேண்டும்.

"தொண்ணூத்தேழுதாங்க இருக்குது தலைவரம்மா."

வேப்பமரத்தடியில் நின்றிருந்த ஆண்களுக்கு அது கேட்டது. ஒருவன் சிரித்தான், தலைவரம்மா மறுபடி ஓடைக்கரைக்கே போகலாம் என்று. சுகுணா மகளைப் பார்த்தாள், பிறகு ஓடைக்கரைப் பக்கம் பார்த்தாள். பூமிகா புரிந்துகொண்டு ஓடினாள். திரும்பி வந்தபோது சின்னம்மாளும் ராணியம்மாளும் முந்தானையை இழுத்து மூடியபடி அவளுக்குப் பின்னால் வந்தார்கள். முட்டு வீட்டிலிருந்து நேராகப் பந்தலுக்கு. தொண்ணூற்றொன்பது.

இன்னும் ஒன்று. ஒரே ஒரு ஆள்.

பந்தல் ஓரத்தில் வெற்றிலை மென்றபடி நஞ்சம்மாள் நின்றிருந்தாள். சுகுணாவின் மாமியார். இத்தனை வருடமும் தேதி தவறாமல் மருமகளை ஓடைக்கரைக்கு விரட்டியவள். அவள் வெற்றிலையைத் துப்பினாள். நிதானமாக நடந்து வந்து முதல் வரிசையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"ஆத்தா, எந்திரிச்சு வா. தீட்டு" என்று மரத்தடியிலிருந்து அர்ச்சுனன் கத்தினான்.

"எனக்கு நின்னு பத்து வருசம் ஆச்சு. தீட்டு என்னை என்னடா பண்ணும்?" என்றாள் கிழவி. பிறகு குரலைத் தாழ்த்தி, மருமகளிடம் மட்டும்: "உன் புருசனுக்கு முன்னாடி ஒரு பொட்டப்புள்ள எனக்குப் பொறந்துச்சு. பொறந்த தீட்டுன்னு அங்கதான் போட்டு வெச்சாங்க. மார்கழிக் குளிரு. எட்டாம் நாளு போயிருச்சு. எங்க ரேகை வெக்கணும், காட்டு."

செயலர் மைப்பெட்டியை நீட்டினார்.

ராஜாமணியின் தீர்மானத்துக்கு ஒரு கைகூட உயரவில்லை. உயர்த்த வேண்டியவர்கள் எல்லோரும் தீட்டுக்குப் பயந்து மரத்தடியில் நின்றுகொண்டிருந்தார்கள். ஓட்டுப் போட உள்ளே வரவும் முடியாமல், வீட்டுக்குப் போகவும் முடியாமல். சுகுணாவின் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. அவள் கையெழுத்துப் போட்ட பக்கத்தில் இந்த முறை தண்ணீர் தெளிக்க யாரும் கிட்ட வரவில்லை.

ஊர் சும்மா விடவில்லை. அந்த வருடத் திருவிழாவில் அவர்கள் வீட்டுப் பொங்கல் பானையை ஏற்கவில்லை. அர்ச்சுனன் இரண்டு மாதம் அவளோடு பேசவில்லை. யார் வீட்டில் கன்று செத்தாலும் அவள் பெயர் அடிபட்டது. ஆனாலும் ஓடைக்கரையில் புதுக் கட்டடம் எழும்பியது. 2025 ஜனவரியில் பதவிக்காலம் முடிந்தது. தலைவர் நாற்காலி காலியானது, தனி அலுவலர் வந்தார். சுகுணா மறுபடி மரவள்ளிக் காட்டுக்குப் போனாள்.

அந்த மார்ச்சில் பூமிகா பெரியவளானாள்.

அன்றைக்கே ராஜாமணி நான்கு பேரோடு வாசலுக்கு வந்தார். இப்போது நீ தலைவரும் இல்லை, ஊர்ச் சாமியோடு விளையாடாதே, பிள்ளையைக் கொல்லைக் கொட்டகையிலாவது விடு என்றார்.

சுகுணா கையில் சோற்றுக் கரண்டியோடு வெளியே வந்தாள்.

"பொண்ணுங்களை வெளிய அனுப்பக் கூடாதுங்கறது நான் போட்ட உத்தரவு இல்லைங்க மாமா, நூறு பொம்பளைங்க போட்டது. நூறு வூட்டுக்கும் போயி வேணாம்னு எழுதி வாங்குங்க. அதுவரைக்கும் என் மக என் வூட்லதான் இருப்பா."

பதிலுக்கு நிற்காமல் உள்ளே போனாள். கூடத்தின் நடுவில் பூமிகா கணக்கு நோட்டோடு உட்கார்ந்திருந்தாள். மறுநாள் பரீட்சை. சுகுணா தட்டில் சோற்றைப் போட்டு, மகளுக்குப் பக்கத்தில், தோளோடு தோள் உரச உட்கார்ந்து, அந்த ஒரே தட்டில் பிசைந்தாள். ஒரு கவளம் மகளுக்கு, ஒரு கவளம் தனக்கு.

வாசலில் நின்றவர்கள் பார்க்கட்டும் என்று அவள் கதவைச் சாத்தவில்லை.