ரெண்டாயிரத்துல எத்தனை வருசம்?

கணபதி என்ற ஊரில் ஒரு மில்லில் ராசாத்தாள் டைப்பிஸ்டாகச் சேர்ந்தாள். கம்ப்யூட்டர் வந்து இறங்கியதும் மில்லே அவளைக் கோபால் படிக்க அனுப்பிவைத்தது. "யாரு கண்ணு அந்தக் கோபாலு?" என்று நாத்தனார் கேட்டாள். அது ஆளல்ல, கம்ப்யூட்டருக்கு எழுதும் மொழி என்று விளக்க வேண்டியிருந்தது. ஒன்பது வருசமாகத் தொழிலாளர்களின் சர்வீஸ், லீவு எல்லாம் அவள் எழுதிய புரோகிராம்களில்தான் ஓடின.

தொண்ணூற்றாறு ஆவணியில், சென்னையில் பெரிய சாஃப்ட்வேர் கம்பெனி ஒன்று கோபால் தெரிந்தவர்களைத் தேடி விளம்பரம் கொடுத்தது. ராசாத்தாள் மனுப் போட்டாள். இன்டர்வியூவுக்கு மூன்று வாரம் இருந்தது. புத்தகத்தைப் புரட்டினால் எல்லாம் தெரிந்ததுதான். வாயைத் திறந்தால் ஒன்றும் வரவில்லை. தன் வேலையை யாருக்கும் விளக்கிச் சொல்லும் அவசியம் அவளுக்கு வந்ததே இல்லை.

வீட்டுக்காரர் அரங்கசாமி லேத் பட்டறை வைத்திருந்தார். "எங்கிட்டச் சொல்லிப் பழகு அம்மணி. எனக்கு வெளங்குச்சுன்னா எவனுக்கும் வெளங்கும்" என்றார்.

தினமும் காலையில் அரைமணி நேரம் பழகினார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்வீஸ் கணக்கிடும் புரோகிராம் வந்தது.

"ஒருத்தரு எழுபத்தொண்ணுல சேந்தாருங்க. இப்பத் தொண்ணூத்தாறு. கழிச்சா இருபத்தஞ்சு வருசம். கம்ப்யூட்டருல எடம் மிச்சமாகட்டும்னு பத்தொம்பதை எழுதறதில்லீங்க. கடைசி ரெண்டு எண்ணு மட்டுந்தான்."

"செரி, ரெண்டாயிரத்துல அவருக்கு எத்தனை வருசம்?"

ராசாத்தாள் மனசுக்குள் கழித்துப் பார்த்தாள். இரண்டாயிரத்தின் கடைசி இரண்டு எண்ணும் சைபர். அதில் எழுபத்தொன்றைக் கழித்தால், மைனஸ் குறிக்கு இடம் வைக்காததால், இருபத்தொன்பது வருசம் வேலை பார்த்தவருக்கு எழுபத்தொரு வருசம் என்று காட்டும்.

"தப்புங்க," என்றாள் மெதுவாக. "நான் எழுதுனதே தப்பு."

மறுநாள் மில்லில் தன் புரோகிராம்களையெல்லாம் எடுத்துப் பார்த்தாள். பதினேழு புரோகிராம்களில் அதே தப்பு. மேனேஜரிடம் சொன்னபோது, "இன்னும் நாலு வருசம் கெடக்குதே" என்று சிரித்தார்.

இன்டர்வியூவில் மூன்று பேர் இங்கிலீஷில் கேட்டார்கள். பாதிக்குத் தட்டுத்தடுமாறித்தான் பதில் சொன்னாள். கடைசியில் நடுவில் இருந்த அம்மா, "நீங்கள் செய்த தவறு ஒன்றைச் சொல்லுங்கள்" என்றார். கூச்சமாக இருந்தது. ஆனாலும் புருசனுக்குச் சொன்னதுபோலவே, சின்னச் சின்ன வாக்கியங்களாகச் சொன்னாள். மூவரும் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள்.

"இந்தத் தப்பைத் திருத்தத்தான் நாங்கள் ஆள் எடுக்கிறோம். அடுத்த மாதம் சேர முடியுமா?" என்று அந்த அம்மாவே கேட்டார்.

மில் புரோகிராம்களைத் திருத்திவிட்டு வர மூன்று மாதம் வேண்டும் என்றாள். உறுதி சொல்ல முடியாது என்று அனுப்பிவிட்டார்கள்.

"நானே கெடுத்துப்போட்டேனுங்களா?" என்று வீட்டில் கேட்டாள்.

"தெரியல அம்மணி," என்றார் அரங்கசாமி. "ஆனா அதை வுட்டுப்போட்டுப் போயிருந்தா, அங்க ஒக்காந்துட்டும் இதையேதான் நெனச்சிட்டிருப்பே."

கார்த்திகையில் கடிதம் வந்தது. ஜனவரியில் சேரலாம். அதற்குள் பதினேழையும் திருத்தி முடித்தாள்.

பட்டறையைப் பெயர்த்துக்கொண்டு அவரால் சென்னைக்குப் போக முடியாது. "மொதல்ல நீ போ" என்றார். ஆறு வருசம், மாதம் இருமுறை ரயிலேறி வந்துபோனாள். அவரை விட்டுச் சென்னைக்குப் போனது சரிதானா என்று ஜன்னலோரம் உட்கார்ந்து யோசிப்பாள். ஒவ்வொரு பயணத்திலும் ஒவ்வொரு பதில் கிடைத்தது.