இரண்டாவது கியரில் ஒரு மாரடைப்பு

டிரைவிங் ஸ்கூலில் எல்லோரும் அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். கற்றுக்கொள்பவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கும் தனி பிரேக்கில் பாதத்தை வைத்தபடி வெளியே வேடிக்கை பார்த்துக்கொண்டிருப்பார். எதிரே லாரி முட்டுவது போல வந்தாலும் சரி, ஓட்டுகிறவர் பயத்தில் கண்ணை மூடிக்கொண்டாலும் சரி, மனுஷன் அசைய மாட்டார். "லாரிக்காரனுக்கும் குடும்பம் குட்டி இருக்குங்க, வழி விடுங்க" என்பதோடு சரி.

அப்படிப்பட்டவருக்குப் படபடப்பு வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சோபாவில், கையில் ரிமோட்டோடு. நெஞ்சுக்குள் ஒரு துடிப்பு தடுமாறி, ஒரு கணம் நின்று, தொபுக்கென்று விழுந்தது. அவர் மனைவியைக் கூப்பிட்டார்.

"நெஞ்சு ஒரு மாதிரி அடிக்குது."

"அடிக்காம இருந்தாத்தான் கவலைப்படணும்" என்று சொல்லிவிட்டு அவள் துணி மடிக்கப் போய்விட்டாள்.

அவர் போனை எடுத்து அதனிடம் கேட்டார். போனுக்கு மனைவியைப் போல அலட்சியம் கிடையாது. சாயங்காலத்துக்குள், ஒரே உடம்பில் சேர்ந்து இருக்கவே முடியாத நோய்களெல்லாம் அவருக்கு இருந்தன. அதில் ஒன்று கர்ப்பிணிகளுக்கு மட்டும் வருவது.

அன்றிலிருந்து விரல் எந்நேரமும் மணிக்கட்டில். நாடி வேகமாக இருந்தால் பயம் வரும், பயம் வந்தால் நாடி இன்னும் ஓடும், அதைப் பார்த்து மேலும் பயம். இடது பக்கம் படுப்பதை விட்டார். மாடிப்படியைக் கண்டால் தெரியாதவரைப் போல ஒதுங்கினார்.

"டாக்டரைப் போய்ப் பாருங்கப்பா" என்றாள் மகள்.

"போய், ஏதாவது இருக்குன்னு சொல்லிட்டாங்கன்னா?"



அந்த மாதம் அவரிடம் புதிதாகச் சேர்ந்திருந்தவர் ஒரு தையல்கார அம்மா. காலமெல்லாம் தையல் மிஷின் மிதித்த கால். ஆக்ஸிலேட்டரையும் அப்படியே மிதிப்பார். வண்டி சட்டைக்கு ஓரம் அடிப்பது போல விட்டு விட்டுப் போகும். ஒருநாள் காலை, காலியான சாலையில், ஒரு பிரச்சினையும் இல்லாத நேரத்தில், மாஸ்டரின் நெஞ்சு குட்டிக்கரணம் போட்டது. நிற்கவில்லை, திரும்பத் திரும்பப் போட்டது.

"அம்மா, வண்டிய ஆஸ்பத்திரிக்கு விடுங்க."

"யாருக்கு என்ன மாஸ்டர்?"

"எனக்குத்தான். நெஞ்சு."

"ஐயையோ! ஆம்புலன்ஸ் கூப்பிடட்டுமா?"

"அது வர்றதுக்குள்ள நான் போயிடுவேன். விடுங்க வண்டிய!"

வண்டி விட்டு விட்டுப் பாய்ந்தது. ஒரு கை நெஞ்சில், ஒரு கை ஸ்டியரிங் பக்கம் நீட்டி, மாஸ்டர் முனகினார்: "கண்ணாடியைப் பாருங்க... ஐயோ... சிக்னல் போடுங்க... அம்மாடி... கிளட்ச்லேருந்து காலை எடுங்க." பக்கத்தில் சைக்கிளில் போன ஒருவர் இவர்களைத் தாண்டிப் போய், திரும்பிப் பரிதாபமாகப் பார்த்தார்.

"மூணாவது கியர் போடுங்கம்மா, உயிர் போகுது!"

"அதை நீங்க இன்னும் சொல்லித்தரலையே மாஸ்டர்!"

இரண்டாவது கியரிலேயே ஆஸ்பத்திரி வந்தது. தையல்கார அம்மா அவசரப் பிரிவு வாசலில் வண்டியைக் குறுக்காக நிறுத்தினார். மாஸ்டருக்குப் பொறுக்கவில்லை. இறங்கி நின்று, "ரிவர்ஸ் எடுங்க, இன்னும் வாங்க, ஸ்டியரிங்கை ஒடிங்க, ஒடிங்க" என்று வண்டியை ஓரங்கட்ட வைத்தார். சக்கர நாற்காலியோடு ஓடிவந்த நர்ஸ், கணீரென்று கத்திக்கொண்டிருந்தவரையும், வியர்த்து நடுங்கியபடி இறங்கிய அம்மாவையும் பார்த்து, சற்றும் யோசிக்காமல் அம்மாவை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார்.

"நோயாளி நான்தாங்க" என்று மாஸ்டர் பின்னாலேயே ஓடினார்.

ஒயர்களை ஒட்டிப் படுக்க வைத்ததும் திரையில் கோடு ஓடியது. இளவயது லேடி டாக்டர் விரலால் காட்டினார். "இதோ, நடுவுல ஒரு துடிப்பு முந்திக்கிட்டு வருது பாருங்க. அதுக்கு அடுத்தது கொஞ்சம் தாமதமா, பலமா வருது. அதான் உங்களுக்கு விழற மாதிரி இருக்கு. நிறைய பேருக்கு வர்றதுதான்."

"அப்போ மாரடைப்பு?"

"இல்ல."

"சின்னதாக்கூட?"

"இல்லைங்க. காபி எவ்வளவு குடிப்பீங்க?"

"எப்பவாவது ஒண்ணு."

"ஒவ்வொரு டிரைவிங் கிளாஸ் முடிஞ்சதும் ஒண்ணு, டாக்டர்" என்றார் தையல்கார அம்மா, பக்கத்துக் கட்டிலிலிருந்து. அவருக்கு பி.பி. இறங்கும்வரை படுக்கச் சொல்லியிருந்தார்கள்.

ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் எல்லாம் எடுத்தார்கள். எல்லாம் சுத்தம். "மயக்கமோ நெஞ்சுவலியோ மூச்சு முட்டலோ வந்தா உடனே வாங்க. வெறும் படபடப்புன்னா நாடி பார்க்கக் கூடாது, போன்ல தேடக் கூடாது. செஞ்சுக்கிட்டிருந்த வேலையைச் செய்யுங்க" என்றார் டாக்டர்.

சொல்வது சுலபம். அடுத்த முறை படபடப்பு வந்தபோது கை தானாக மணிக்கட்டுக்குப் போனது. மாஸ்டர் இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து அவற்றின் மேலேயே உட்கார்ந்துகொண்டு, வேர்க்க விறுவிறுக்க, மூன்றாவது கியர் போடுவது எப்படி என்று சொல்லிக்கொடுத்தார். நெஞ்சு இரண்டு குதி குதித்துப் பார்த்தது. கவனிக்க ஆளில்லாததால் அடங்கியது.

தையல்கார அம்மாவுக்கு லைசென்ஸ் கிடைத்துவிட்டது. மாஸ்டர் காபியைப் பாதியாகக் குறைத்தார், படியேறத் தொடங்கினார். முழுக்கத் திருந்திவிட்டார் என்று சொல்ல முடியாது. போன வாரம் குளியலறைக்குள் போனவர் வெகுநேரம் சத்தமில்லாமல் இருந்தார். மனைவி கதவைத் தட்டினாள்.

"என்ன பண்றீங்க?"

"குளிக்கிறேன்."

"தண்ணி விழற சத்தமே காணோம். நாடியிலேருந்து கையை எடுங்க."

உள்ளே வாளியில் தண்ணீர் விழ ஆரம்பித்தது.