எங்கள் நம்பர் போட்ட இடம்

தஞ்சாவூரில் இருக்கும் என் பிளாட்டை விற்கப் போட்டிருக்கிறேன். இரண்டு படுக்கையறை, கிழக்கு பார்த்த பால்கனி, கார் பார்க்கிங். பார்க்கிங்கை முதலில் போடுங்கள் டீச்சர், இப்போது அதற்குத்தான் கிராக்கி என்றார் புரோக்கர். அந்தக் கிராக்கியை அவர் வந்து எனக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

என்னிடம் கார் கிடையாது. ஒரு ஸ்கூட்டி உண்டு, அதைச் சுவரோரம் நிறுத்துவேன். பார்க்கிங் அப்பாவுடையது.

அப்பா வலங்கைமான் பக்கம் பண்ணையாளாக இருந்தவர். குடிசை நின்ற மனையும் பண்ணைக்குத்தான் சொந்தம். கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டு ஆட்கள் அறுவடைக்கு இறங்காத ஒரு வருடம், தாத்தா கொடி பிடித்தார் என்று குடிசையைப் பிரித்துப் போட்டார்கள். ஏற்கெனவே காய்ச்சலில் கிடந்த மனுஷன், அந்த வாரமே போய்விட்டார். பிணத்தைப் பண்ணை மண்ணில் போடக் கூடாது என்று காரியக்காரர் வந்து நின்றுகொண்டார். ரோட்டோரம் வைக்கோலைப் பரப்பிக் கிடத்தினார்கள். பஸ் போகும்போதெல்லாம் தாத்தா முகத்தில் புழுதி விழுந்ததாம். அதைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை அப்பா எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார்.

பிறகு கழக ஆட்சி வந்தது. குடியிருக்கும் மனை குடியிருப்பவனுக்கே என்று சட்டமும் வந்தது. சட்டம் வந்ததும் மனை வந்துவிடுமா? அப்பாவும் சித்தப்பாவும் அடி வாங்கி, கேஸ் வாங்கி, கோர்ட்டுக்கு நடையாய் நடந்து, ஒருவழியாகப் பட்டா கைக்கு வந்தது. அம்மா போனபோது அந்த மனையின் வாசலில்தான் கிடத்தினோம். அவ்வளவு அழுகைக்கு நடுவிலும் அப்பா முகத்தில் ஒரு நிம்மதி இருந்தது. அம்மாவை யாரும் எடு என்று சொல்ல முடியாது என்கிற நிம்மதி.

நான் பிளாட் வாங்கியபோது அந்த மனையை விற்றுத்தான் கொடுத்தார். வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன்.

"மண்ணுக்கு மண்ணும்மா. எங்க போயிடப் போவுது?"

குடிவந்த அன்றே கேட்டார்: "இதுல நம்ம மண்ணு எதும்மா?"

நாம் இருப்பது இரண்டாவது மாடி, கீழே இருக்கும் மண் எல்லா வீட்டுக்காரர்களுக்கும் பொது, நம் பங்கைத் தனியாகப் பிரிக்க முடியாது என்று விளக்கினேன்.

"பிரிக்காத பங்கு என்னம்மா பங்கு?" என்று படியிறங்கிப் போனார். திரும்பி வந்தபோது முகம் தெளிந்திருந்தது. "கீழ நம்ம நம்பரு போட்டுருக்கு. அளந்து கோடும் கிழிச்சிருக்கான்."

மறுநாளிலிருந்து விடியற்காலையில் பார்க்கிங்குக்கு வாசல் தெளிக்க ஆரம்பித்தார். சிமெண்டுத் தரையில் என்ன தெளிப்பது என்றால் கேட்க மாட்டார். தெளித்து, பெருக்கி, நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார். அசோசியேஷன் செகரட்டரி பதமாகப் பேசுகிறவர். நாங்கள் வந்த புதிதில் "வலங்கைமான்ல எந்தத் தெருங்க?" என்று கேட்டுத் தெரிந்துகொண்டவர், அதன் பிறகு எங்கள் வீட்டில் தண்ணீர் குடித்ததில்லை.

"இடம் சும்மாத்தான கெடக்கு பெரியவரே, விருந்தாளி கார் நின்னுட்டுப் போவட்டுமே" என்பார்.

"அது எங்க மனைங்க." அப்பா நாற்காலியை விட்டு எழ மாட்டார். மொத்தக் கட்டடமும் இதைச் சொல்லிச் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

படுக்கையில் விழுந்த பிறகு ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "மாடியில வேணாம்மா. கீழ நம்ம எடத்துல கெடத்து." சரிப்பா என்று கையைப் பிடித்துச் சொன்னேன்.

ஆஸ்பத்திரியில் உயிர் போனது. ஆம்புலன்ஸ் கேட்டுக்குள் நுழைந்தபோது எங்கள் நம்பர் மேல் ஒரு வெள்ளைக் கார் உறை போட்டு நின்றது. செகரட்டரியின் மருமகனுடையது. மகளும் மருமகனும் கும்பகோணத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள், சாவியும் கூடப் போயிருந்தது.

"ஆளில்லையேன்னு விடச் சொன்னேங்க. சாயங்காலம் வந்துருவாங்க" என்றார் செகரட்டரி.

"பக்கத்துலயாவது வச்சுக்கறோம் சார்."

"அது காமன் ஏரியாங்க. குழந்தைங்க வெளையாடுற எடம். யாரும் ஒத்துக்க மாட்டாங்க."

ஊரிலிருந்து வந்த எங்கள் பையன்கள் காரைச் சுற்றி நின்றுவிட்டார்கள். நெல் மூட்டை தூக்குகிற கைகள். "தூக்கி அந்தண்ட வச்சிருவோம்க்கா" என்று அடியில் கை கொடுத்தார்கள், கார் அசையவும் அசைந்தது. சித்தப்பாதான் ஓடி வந்தார்.

"கைய எடுங்கடா. ஒரு கீறல் விழுந்தா கேஸ் போடுவானுவ. வேலைக்குப் போற பயலுவடா நீங்க."

கையை எடுத்துவிட்டார்கள். எனக்கு அன்று எல்லோர் மேலும் ஆத்திரம். சித்தப்பா மேல்தான் அதிகம், ஏனென்றால் அவர் சொன்னது சரி.

கேட்டுக்கு வெளியே, சாக்கடையை ஒட்டி, ரோட்டோரம் பெஞ்சு போட்டுக் கிடத்தினோம். மேலே ஒரு ஷாமியானா. டவுன் பஸ் போகும்போதெல்லாம் அப்பா முகத்தில் புழுதி விழுந்தது. நான் முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தேன். சித்தப்பா வெகுநேரம் என் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"எங்கப்பாவுக்கு அண்ணந்தான் இப்படித் தொடச்சுச்சு" என்றார். அதற்கு மேல் நிற்க முடியாமல் அந்தப் பக்கம் போய்விட்டார்.

போன வாரம் ஒருவர் குடும்பத்தோடு வந்து வீட்டைப் பார்த்தார். பால்கனி அவர் மனைவிக்குப் பிடித்துவிட்டது. கீழே வந்து எங்கள் நம்பர் மேல் நின்று, கோட்டைக் காலால் அளந்து பார்த்தார்.

"பார்க்கிங்ல யாரும் தகராறு பண்ண மாட்டாங்கல்ல?"

"இனிமே பண்ண ஆளில்லைங்க" என்றேன்.