மாமியார் வரைந்த குதிரை

தபால் நிலையத்தில் முத்திரை குத்திய என் மாமியாரின் கை, ஓய்வு பெற்ற மறுவாரமே தூரிகை பிடித்தது. எங்கள் ஊர் ஓவியக் கூடத்தில் சம்பளம் வாங்காமல் படங்களை மாட்டுவதும், வருகிறவர்களுக்கு விளக்கம் சொல்வதும் அவர்தான். போன கண்காட்சியில் அவருடைய குதிரையும் சுவரில் தொங்கியது.

வரைந்தவர் பக்கத்திலேயே நிற்பது தெரியாமல் ஒருவர், "இது குதிரையா? கழுதை மாதிரில்ல இருக்கு!" என்று சிரித்தார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

மாமியாரோ படத்தை உற்றுப் பார்த்து, "ஆமாங்க, காதுதான் காட்டிக்குடுக்குது" என்றார்.

மறுநாள் போனேன். படம் அப்படியே இருந்தது. கீழே இருந்த பெயர்ச்சீட்டில் மட்டும் 'குதிரை' 'கழுதை' என்று மாறியிருந்தது.

"என்ன அத்தை, பேரையே மாத்திட்டீங்க?"

"காதைத் திருத்த மனசு வரலம்மா. அவ்வளவு அழகா வந்திருக்கு!"